திருகோணமலை மாவட்டம் வேகமாக வளர்கிறதா? இறுதியாண்டு ஆய்வை எந்தத் தரவிலிருந்து தொடங்கலாம்?

வளர்கிறதுதான். ஆனால் ஆய்வில் அதை எழுதுவதற்கு முதல், கணக்கெடுத்த நேரத்தில் யார் ஊரில் இருந்தார்கள், யார் இல்லை என்று பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1981 தொகைமதிப்பில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) இங்கே ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர். அடுத்த முழுமையான கணக்கு 2012இல்தான் வந்தது: 3 இலட்சத்து 79 ஆயிரம் சொச்சம். அதாவது 48 வீத அதிகரிப்பு. அதே காலத்தில் நாடு முழுவதும் 37 வீதம். பலர் இந்த இரண்டு எண்களையும் எடுத்து, 31 ஆண்டுகளுக்கும் ஒரே நேர்கோடு இழுத்துவிடுகிறார்கள். நடுவில் 1991இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் இங்கே அரைகுறையாகத்தான் நடந்தது. 1990 இடப்பெயர்வு, படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள், 2004 சுனாமி, 2006 மூதூர் சண்டை எல்லாம் அந்த இடைவெளிக்குள் கிடக்கின்றன. பிறப்பு, இறப்பு, போனவர், வந்தவர் என்று நான்காகப் பிரியுங்கள். முதல் இரண்டுக்கும் பதிவேடு உண்டு. மற்ற இரண்டையும் நீங்கள்தான் தேடவேண்டும்.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் வெளியேறிய சனத்தில் கனபேர் 2012இலும் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில்தான் இருந்தார்கள். 2015இல் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் ஊர் திரும்பினார்கள். கிளிவெட்டியும் சம்பூரும் ஒரே மூதூர் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருவதால், பிரதேச மட்ட அட்டவணையில் ஒன்றும் நடக்காதது மாதிரித் தெரியும். கிராம சேவகர் பிரிவு வரை இறங்கினால்தான் ஓரிடம் வெறிச்சோடியும் இன்னோரிடம் பெருத்தும் கிடப்பது புலப்படும். 2012ஐ அடிப்படையாக வைத்து, பிறகு கூடிய தொகையைப் பார்த்து சம்பூரை 'வேகமாக வளரும் கிராமம்' என்று எழுதாதீர்கள். அது சொந்த வளவுக்குத் திரும்பிய சனம். அந்த ஒன்பது வருசத்தையும் ஒரு வீதக் கணக்குக்குள் மறைத்துவிடுவது அநியாயம்.

பொருளாதாரப் பக்கம் வந்தால், மத்திய வங்கி மொத்த உள்நாட்டு உற்பத்தியை மாகாண மட்டத்தில்தான் தருகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள் கலந்திருக்கும். சீனன்குடாப் பக்கத்து மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள் உற்பத்திக் கணக்கைத் தூக்கிக் காட்டும். அந்த இலாபம் இந்த ஊரில் தங்குகிறதா என்பது வேறு கேள்வி. ஆகவே மாவட்ட அளவில் கிடைக்கும் குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பை முதலில் எடுங்கள். அது பன்னிரண்டு மாதமும் பரவலாக நடப்பது இங்கே மிகவும் முக்கியம். நிலாவெளியில் சுற்றுலாவும் கடலும் கைகொடுக்கிற யூலையில் கேட்டால் ஒரு வருமானம், வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையில் கிடக்கிற டிசம்பரில் கேட்டால் இன்னொரு வருமானம். நீங்களே வீடு வீடாகப் போவதென்றால் இரண்டு பருவத்திலும் போங்கள்.

அப்புறம், "வீட்டில் எத்தனை பேர்?" என்ற கேள்வியை அவசரமாகக் கடக்காதீர்கள். கிண்ணியாவில் ஒரு உம்மா "நாங்க அஞ்சு பேர்" என்றார். வீட்டில் இருந்தது நாலு பேர். அஞ்சாவது ஆள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள். அந்த வீட்டின் சாப்பாடும் பள்ளிக்கூடச் செலவும் அவள் அனுப்புகிற காசில்தான். குடித்தொகைக் கணக்கில் அவள் இல்லை, வருமானக் கணக்கில் இருக்கிறாள். உங்கள் படிவத்தில் அவளுக்கு ஒரு தனி நிரல் போடுங்கள்.

கச்சேரியின் புள்ளிவிபரக் கைநூலில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் அட்டவணை இருக்கும். புதியதோடு நின்றுவிடாமல் பழைய ஆண்டுகளின் கைநூல்களையும் கேட்டு வாங்குங்கள். 2024 தொகைமதிப்பின் எண்களை எடுக்கும்போது, நாட்டின் சனத்தொகை வளர்ச்சி ஆண்டுக்கு 0.5 வீதம் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.