லண்டன் கம்பனி யாழ்ப்பாணம் வருகிறதாம், காசு போடலாமா?

கேள்வி: நான் கொக்குவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. லண்டனில் உள்ள ஒரு காணி, கட்டட முதலீட்டுக் கம்பனி கொழும்பிலும் அடுத்து யாழ்ப்பாணத்திலும் கால்வைக்கப் போகிறதாம். இப்போதே 40 இலட்சம் போட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம் நிச்சயம் என்கிறார் முகவர். லண்டனில் இருக்கும் பெறாமகனும் நல்லது என்கிறார். அவ்வளவு பெரிய கம்பனி யோசிக்காமலா வரும்?

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம் ரீச்சர். கம்பனி யோசித்துத்தான் வரும். என்ன யோசிக்கும் என்று தெரிந்தால் முகவரின் கதையை நீங்களே எடைபோடலாம்.

வேறு நாட்டில் கட்டடம் வாங்கப் போகும் கம்பனி முதலில் பார்ப்பது, போட்ட காசை எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான். நாளைக்கு விற்றால் வாங்க ஆள் இருக்குமா, விற்ற காசை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியுமா, அன்றைக்கு நாணய மாற்று எப்படி இருக்கும்? 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதம் சுமார் 360. 10 இலட்சம் டொலர் கொண்டுவந்து 20 கோடிக்கு ஒரு கட்டடம் வாங்கியவர், மே மாதம் அதே 20 கோடிக்கு விற்றிருந்தாலும் கையில் கிடைப்பது ஐந்தரை இலட்சம் டொலர்தான். ரூபாயில் ஒரு சதமும் நட்டமில்லை, டொலரில் பாதிக்குக் கிட்ட போய்விட்டது. இதனால்தான் புதுச் சந்தைக்குள் நுழைகிறவர்கள் உள்ளூர்ப் பங்காளியோடு சேர்ந்து சின்னதாகத் தொடங்குவார்கள்.

பெரியவர்களும் சறுக்குவார்கள். சீனாவின் பெரிய கட்டட நிறுவனமான கன்ட்ரி கார்டன், மலேசியாவின் ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புது நகரத்தைச் சீன வாங்குநர்களை நம்பிக் கட்டியது. சீனா காசு வெளியே போவதை இறுக்கியதும் வாங்க ஆள் குறைந்து, மாடி மாடியாக வீடுகள் வெறுமையாகக் கிடந்தன.

அடுத்தது சட்டம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரோ, பங்குகளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள கம்பனியோ இங்கே பொதுவாகக் காணியை அறுதியாக வாங்க முடியாது. அதிகபட்சம் 99 வருடக் குத்தகைதான். தொடர்மாடி வீடுகளுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆகவே "யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சொந்தக் காணி இருக்கிறது" என்று முகவர் சொன்னால் காணி உறுதி யார் பெயரில் என்று கேளுங்கள். பிறகு நம்பிக்கையான நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, அந்தக் காணியை வெளியாருக்கு முன் வாங்கும் உரிமையுள்ள பங்குக்காரர் யாராவது இருக்கிறார்களா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது அந்த 18 சதவீதம். ஒரு கோடிக்கு வீடு வாங்கி மாதம் 40,000 ரூபாய் வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 4.8 சதவீதம். அதிலும் திருத்த வேலைச் செலவு போக வேண்டும். மிச்சம் எங்கிருந்து வரும்? விலை ஏறினால் வரலாம், ஆனால் அதை யாரும் நிச்சயம் என்று எழுதித் தர முடியாது. புதிதாகச் சேருகிறவர்களின் காசிலிருந்து பழையவர்களுக்குக் கொடுத்தாலும் வரும். அப்படிப்பட்ட திட்டம் ஒருநாள் நின்றே தீரும்.

இன்னொன்று: உண்மையாக விரிவடையும் கம்பனி தன் மூலதனத்தையும் வங்கிக் கடனையும்தான் முதலில் இறக்கும். ஓய்வூதியக்காரரின் சேமிப்பைத் தேடி வீட்டு வாசலுக்கு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதுமக்களிடம் வைப்பு வாங்க 2011ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டப்படி மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கியே வெளியிடுகிறது. அதில் அந்தப் பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது.

பெறாமகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பிரித்தானியக் கம்பனிப் பதிவகத்தில் எந்தக் கம்பனியின் கணக்கறிக்கையையும் இலவசமாகப் பார்க்கலாம். எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார், எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன் என்று பார்த்து உங்களுக்கு அனுப்பட்டும். அதுவரை உங்கள் 40 இலட்சம் நல்ல வங்கியில் நிலையான வைப்பிலோ அரசாங்கம் வெளியிடும் திறைசேரி உண்டியலிலோ இருக்கட்டும். முகவர் "இந்த மாதம்தான் கடைசி" என்று அவசரப்படுத்தினால், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.