எடுக்கறதுக்கு ஒரு ஓட்டு, குடுக்கறதுக்கு ஒரு ஓட்டு

வணக்கம் சார்,

தேர்தல் வாக்குறுதிகளைப் பத்தி எழுதினப்போ ஒரு இடத்துல 'சொத்தைப் பிரிச்சுக் குடுக்கறேன்னு சொல்லி ஜெயிச்சவங்க ரொம்ப கம்மி'ன்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க. எனக்கு அங்கதான் சந்தேகம். ஓட்டு தலைக்கு ஒண்ணு. பெரும் பணக்காரன் நூத்துல ஒருத்தன். மிச்சம் தொண்ணூத்தொம்பது பேரும் சேர்ந்தா ஒரே தேர்தல்ல எல்லாத்தையும் மாத்திடலாமே, ஏன் நடக்கல? ஜனங்க முட்டாளா, இல்ல மீடியாவை வச்சு மூளைச்சலவை பண்றாங்களா? இன்னொண்ணு, என் மாமா நல்ல வேலைல இருந்து ரிடையர் ஆனவர், அரசாங்கம் ஏழைங்களுக்கு எது குடுத்தாலும் 'என் வரிப்பணம், ஓட்டுக்கு லஞ்சம்'னு ஆரம்பிச்சுடுவார். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. நேரம் இருந்தா எழுதுங்க.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்க கேட்டது ரொம்ப பழைய கேள்வி. பழைய காலத்துல இதைக் கேட்டவங்க பணக்காரங்க, அவ்ளோதான் வித்தியாசம். 1787-ல அமெரிக்க அரசியல் சட்டம் எழுத உக்காந்தப்போ ஜேம்ஸ் மேடிசனுக்கு இருந்த பெரிய கவலைகள்ல ஒண்ணு இதுதான், எல்லாருக்கும் ஓட்டு இருந்தா சொத்து இல்லாதவன் கூட்டம் சேர்ந்து நிலத்தைப் பங்கு போட்டுடுவானேன்னு. நீங்க ஆசையா கேக்கறதை அவர் பயந்துகிட்டு கேட்டார். ரெண்டுமே பெருசா நடக்கல.

இதுக்கு 1981-ல ஆலன் மெல்ட்சர், ஸ்காட் ரிச்சர்ட்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் கணக்கே போட்டாங்க. எல்லாரையும் வருமானப்படி வரிசைல நிக்க வச்சா நடு ஆளோட வருமானம் மொத்த சராசரியை விட கம்மியாத்தான் இருக்கும், ஏன்னா உச்சில இருக்கற சில பேர் சராசரியை மேல இழுத்துடறாங்க, அதனால வரி போட்டு சமமா பிரிச்சா நடு ஆளுக்கு லாபம், அவர் எந்தப் பக்கம் சாயறாரோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும், ஆக ஏற்றத்தாழ்வு கூடக் கூட மறுபங்கீடும் கூடணும். படிக்கும்போது பக்காவா இருக்கு. ஆனா நிஜ உலகத்துல பாத்தா வருமான இடைவெளி கம்மியா இருக்கற டென்மார்க், ஸ்வீடன் மாதிரி நாடுகள்தான் நிறைய பிரிச்சுக் குடுக்குது, இடைவெளி அதிகமா இருக்கற அமெரிக்கா அந்த அளவுக்குக் குடுக்கல. கணக்குப்படி தலைகீழா இருந்திருக்கணும்.

அப்ப ஜனங்க முட்டாளான்னா, அந்த முடிவுக்கு அவ்ளோ சீக்கிரம் போகாதீங்க. கட்சி, ஜாதி, தலைவர் முகம் எதுவும் குறுக்க வராம இந்த ஒரே கேள்வியை மட்டும் எடுத்து ஓட்டுக்கு விடற நாடு ஒண்ணு இருக்கு, ஸ்விட்சர்லாந்து. இந்த விஷயத்துல அதை விட நல்ல ஆதாரம் கிடைக்காது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

2015 ஜூன்ல அங்க ஒரு வாக்கெடுப்பு. 20 லட்சம் ஃபிராங்க்குக்கு மேல வாரிசுக்குப் போற சொத்துல 20 சதவீதம் வரி, வர்ற பணத்துல மூணுல ரெண்டு பங்கு முதியோர் பென்ஷனுக்கு. சுமார் 71 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. சரி, அங்க வீட்டு விலைக்கு 20 லட்சம்ங்கறது நடுத்தர மேல்தட்டையும் தொட்டுடும், குடும்பமா கம்பெனி நடத்தறவங்களுக்கும் பயம், அதனால தோத்துதுன்னு சொல்லலாம். 2021-ல '99 சதவீதம்'னே பேர் வச்சு ஒண்ணு வந்துது, அதாவது உங்க வாதமே தான். பெரிய அளவுல வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம்னு சம்பாதிக்கறவங்களுக்கு அந்த வருமானத்தை ஒண்ணரை மடங்காக் கணக்கெடுத்து வரி போடணும்னு. அதுவும் சுமார் 65 சதவீதம் எதிர்ப்புல தோத்துது. 2025 நவம்பர்ல எல்லையை ஒரேயடியா 5 கோடி ஃபிராங்க்குக்கு ஏத்திட்டாங்க. அதுக்கு மேல 50 சதவீத வாரிசு வரி, நாடு முழுக்க தேடினா ஏறக்குறைய 2,500 பேர்தான் மாட்டுவாங்க. எதிர்ப்பு 78 சதவீதம்.

பாத்தீங்களா, 'நம்ம மேல வரி விழுமோ'ங்கற பயம் மட்டும்தான் காரணம்னா மூணாவதுல எதிர்ப்பு குறைஞ்சிருக்கணும். ஏறிடுச்சு. ஏன்னா அந்த 2,500 பேர் ஏற்கனவே கட்டற வருமான வரி கொஞ்ச நஞ்சம் இல்ல, அவங்க பெட்டியைக் கட்டிகிட்டு கிளம்பிட்டா அந்த ஓட்டையை யாரு அடைக்கறதுன்னு கேள்வி வந்துது. ஸ்டாட்லர் ரயில் கம்பெனியோட பீட்டர் ஷ்பூலர் மாதிரி ஆளுங்க நான் நாட்டை விட்டே போக வேண்டி வரும்னு பகிரங்கமா பேட்டி குடுத்தாங்க. மிரட்டல்தான், இல்லங்கல. ஆனா ஓட்டு போடறவன் அதைக் கேட்டுட்டு 'பாவம் பணக்காரன்'னு ஓட்டு போடல, 'இந்தப் பணம் நம்ம கைக்கு வந்து சேராது, சுமை மட்டும் வந்து சேரும்'னு நெனச்சுப் போட்டான்.

இப்ப நடுவுல ஒண்ணை விட்டுட்டேன். 2024 மார்ச் மாசம் அதே நாட்டுல, அதே ஜனங்க, பென்ஷன்காரங்களுக்கு வருஷத்துக்கு பதிமூணாவது மாசப் பென்ஷன் ஒண்ணு குடுக்கணும்ங்கற தீர்மானத்தை 58 சதவீத ஆதரவோட ஜெயிக்க வச்சாங்க. அரசாங்கமும் தொழிலதிபர் சங்கங்களும் எதிர்த்தும் ஜெயிச்சுது. பணம் எங்கேருந்து வரும்னு அந்தத் தீர்மானத்துல ஒரு வரி இல்ல. அன்னிக்கே ரிடையர்மென்ட் வயசை ஏத்தலாமான்னும் கேட்டாங்க, அது படுதோல்வி. அப்புறம் பணத்துக்கு வழி தேடி அரசாங்கம் முன்வச்சது என்னன்னா வாட் வரியை ஏத்தறது. அதாவது கடைல சாமான் வாங்கற ஒவ்வொருத்தனும், பென்ஷன் வாங்கற பாட்டி உட்பட, கட்டற வரி.

எனக்கு இதுல தெரியறது இதுதான். எடுக்கறதையும் குடுக்கறதையும் தனித்தனி ஓட்டா வச்சா எடுக்கறது தோக்கும், குடுக்கறது ஜெயிக்கும். கொள்கை ரீதியா ஜனங்க சமத்துவத்துக்கு எதிரியும் இல்ல, பணக்காரனுக்கு விசிறியும் இல்ல. ஆர்தர் ஓகுன்னு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1975-ல ஓட்டை வாளின்னு ஒரு உவமை சொன்னார், பணக்காரன் கிட்டேருந்து மொண்டு ஏழைகிட்ட கொண்டு போறதுக்குள்ள வழியில ஒழுகும், எவ்ளோ ஒழுகினா பரவால்லன்னு நீயே முடிவு பண்ணுன்னு. பொருளாதாரம் படிச்சவங்க ஒழுகறதோட அளவைப் பத்தி சண்டை போட்டுகிட்டு இருக்காங்க. ஓட்டு போடறவன் வாளி நம்ம வாசலுக்கு வருமான்னுதான் பாக்கறான். பென்ஷன் வாளி மாசாமாசம் வருதுன்னு கண்ணால பாத்துட்டான். பணக்காரன் சொத்து மேல போடற வரியோட வாளியை அவன் பாத்ததே இல்ல.

அவன் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கு. இந்தியாவுல 1953-ல கொண்டு வந்த எஸ்டேட் டூட்டி, அதாவது வாரிசு வரி, உச்ச விகிதம் 85 சதவீதம் வரைக்கும் போச்சு. காகிதத்துல பாத்தா புரட்சி. 1985-ல அப்ப நிதியமைச்சரா இருந்த வி.பி. சிங் அதை எடுக்கும்போது வருஷத்துக்கு வந்தது 20 கோடி ரூபாய் கிட்டத்தான். செல்வ வரியும், அதாவது கைல இருக்கற சொத்து மதிப்பு மேல வருஷாவருஷம் போடற வரியும், அப்படித்தான், 2013-14-ல சுமார் ஆயிரம் கோடி, இவ்ளோ பெரிய நாட்டுக்கு அது ஒண்ணுமே இல்ல, 2015 பட்ஜெட்ல அருண் ஜெட்லி அதைத் தூக்கிட்டு ஒரு கோடிக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு கூடுதல் சர்சார்ஜ் போட்டார், அதுல வர்றது பல மடங்கு அதிகம்னு கணக்கு காட்டினார். வெளிநாட்டுலயும் இதே கதைதான். 1990-ல ஓஇசிடிங்கற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் இருக்கற கூட்டமைப்புல 12 நாட்டுல செல்வ வரி இருந்துது, 2017-ல 4 தான் மிச்சம். ஸ்வீடன்ல வாரிசு வரியை எடுத்தது எந்தக் கட்சின்னு நெனக்கறீங்க? பிரதமர் யோரான் பெர்சனோட சோஷியல் டெமாக்ரட் அரசாங்கம், அதாவது இடதுசாரிப் பக்கம் நிக்கற கட்சியே. நிஜமான பெரும் பணக்காரன் டிரஸ்ட், கம்பெனின்னு வழி கண்டுபிடிச்சுத் தப்பிச்சுடறான், வீடும் கொஞ்சம் சேமிப்பும் வச்சிருக்கறவன் மாட்டிக்கறான்ங்கற கோவம் அங்க நிஜமாவே இருந்துது.

இதுக்காக பணக்காரன் மேல வரியே போடக்கூடாதுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, போடணும், தப்பிக்கற ஓட்டையை அடைச்சுட்டுப் போடணும். நான் சொல்றது தேர்தல்ல அது ஏன் எடுபடலங்கறது. 2024 தேர்தல் நடுவுல வாரிசு வரிங்கற பேச்சு வந்த உடனே காங்கிரஸே அது எங்க கொள்கை இல்லன்னு பதறிப் போய் விலகிச்சே, அந்தப் பதட்டத்துக்குப் பின்னாடி இருக்கறது இந்த அனுபவம்தான். பொருளாதாரத்தை விட அனுபவம் சீக்கிரம் ஓட்டாகும்.

ஸ்காண்டிநேவியாக்காரங்க எப்படி சாதிச்சாங்கன்னா, பணக்காரனைக் கசக்கிப் பிழிஞ்சு இல்ல. டென்மார்க், ஸ்வீடன் ரெண்டுலயும் வாட் 25 சதவீதம். எல்லார்கிட்டயும் நிறைய எடுத்து, எல்லாருக்கும் குடுக்கறாங்க, படிப்பு, வைத்தியம், குழந்தை வளர்க்க லீவு. ஏழைக்கு மட்டும்னு தனியா பிரிச்சுக் குடுக்கற நாடுகளை விட எல்லாருக்கும் குடுக்கற நாடுகள்ல கடைசில ஏழைக்குப் போய்ச் சேர்றது அதிகமா இருக்குன்னு வால்டர் கோர்ப்பி, யோக்கிம் பால்மே 1998-ல எழுதினாங்க. பின்னாடி வந்த சில பேர் அந்த முடிவு எல்லாக் காலத்துக்கும் பொருந்தலன்னு மறுத்திருக்காங்க, ஆனா அதுல இருக்கற அரசியல் எனக்கு சரியாத்தான் படுது. நடுத்தர ஆளுக்கும் பங்கு இருந்தா அவன் அந்தத் திட்டத்தை வெட்ட விடமாட்டான்.

இப்ப உங்க மாமாவுக்கு வருவோம்.

அவர் சொல்றதுல பாதி நியாயம், பாதி கண்ணுக்குத் தெரியாத விஷயம். முதல்ல தெரியாத பாதி. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்து சூசன் மெட்லர் 2008-ல ஒரு சர்வே எடுத்தாங்க, நீங்க எப்பவாவது அரசாங்கத் திட்டத்துல பலன் வாங்கியிருக்கீங்களான்னு. இல்லவே இல்லன்னு சொன்னவங்க பட்டியல்ல, வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு வாங்கினவங்கள்ல 60 சதவீதம் பேர். அரசாங்க பென்ஷன் வாங்கறவங்கள்லயே 44 சதவீதம். பொய் சொல்லல, அவங்களுக்கு அது அரசாங்கம் குடுத்ததா தோணவே இல்ல. வரிக்கழிவுங்கறது செலவு தான். கஜானாவுக்கு வரவேண்டிய நூறு ரூபாயை வாங்காம விடறதும், வாங்கிட்டு திருப்பிக் குடுக்கறதும் கணக்குல ஒண்ணு. அதுலயும் ஒரு விசேஷம், 30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு நூறு ரூபாய் கழிவுக்கு 30 ரூபாய் மிச்சம், 10 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு 10 ரூபாய், வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லாதவனுக்கு சைபர். மேல போகப் போக கூட வர்ற உதவித்தொகை. இதையே ஒரு கட்சி ரொக்கமா குடுக்கறேன்னு அறிவிச்சா ஊரே சிரிச்சிருக்கும். இந்திய பட்ஜெட்ல இப்படி வராமப் போற தொகைக்குன்னு தனி அறிக்கையே 2006-07 காலத்துலேர்ந்து வருது, மாமா ஓய்வா இருக்கறப்போ எடுத்துக் காட்டுங்க, சண்டை வந்தா நான் பொறுப்பில்ல.

அவர் பக்கத்து நியாயம் எங்கன்னா, நேரத்துல. பிரேசில்ல 2003-ல ஆரம்பிச்ச போல்சா ஃபமிலியா நல்ல திட்டம், குழந்தை பள்ளிக்கூடம் போகணும், தடுப்பூசி போடணும்னு நிபந்தனையோட பெரும்பாலும் அம்மா பேர்ல கார்டுல பணம், ரொம்ப வருஷத்துக்கு செலவு நாட்டு வருமானத்துல அரை சதவீதம் சுத்தித்தான். இதை ரொம்ப கிண்டல் பண்ணின போல்சொனாரோ பதவிக்கு வந்த அப்புறம் 2021-ல பேரை மாத்தினார், 2022 தேர்தலுக்கு சில மாசம் முன்னாடி ஜூலைல, நாட்டுல அவசரநிலைன்னு அரசியல் சட்டத்தையே திருத்தி, தொகையை 600 ரியாலா ஏத்தினார். எதிர்ல நின்ன லூலாவும் நானும் 600 தருவேன்னார். கடைசில லூலா 50.9 சதவீதத்துல தப்பிச்சார். திட்டத்துல தப்பில்ல, ஆனா அந்த ஜூலை மாசத்து அவசரநிலைக்கு லஞ்சம்ங்கற வார்த்தையை உங்க மாமா சொன்னா நான் மறுக்க மாட்டேன்.

அதே அளவுகோலை அவர் வரிக்குறைப்புக்கும் வைக்கணும், அவ்ளோதான் என் கோரிக்கை. 2022 செப்டம்பர் 23 அன்னிக்கு பிரிட்டன்ல லிஸ் டிரஸ் அரசாங்கம் 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரியைக் குறைக்கறோம்னு அறிவிச்சுது, ஈடு கட்ட பணம் எங்கன்னு சொல்லல. கடன் பத்திர மார்க்கெட் ஆடிப்போய், பேங்க் ஆஃப் இங்கிலாந்து நடுவுல புகுந்து பத்திரம் வாங்க வேண்டியதாச்சு. பதவிக்கு வந்த 49 நாள்ல டிரஸ்ஸோட பிரதமர் பதவி போச்சு. யாரும் அதை இலவசம்னு சொல்லல பாருங்க.

இதுக்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடிச்சது நெதர்லாந்துதான். 1986 தேர்தல்லேர்ந்து அங்க சிபிபின்னு ஒரு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம், கட்சிகள் விருப்பப்பட்டு குடுக்கற தேர்தல் அறிக்கையை வாங்கி, எவ்ளோ செலவு, எங்கேருந்து வரவு, எந்த வருமானக்காரனுக்கு லாபம், யாருக்கு நஷ்டம், எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி கணக்கு போட்டு தேர்தலுக்கு முன்னாடியே வெளியிடுது. எடுக்கறதும் குடுக்கறதும் ஒரே தாள்ல வந்துடும். எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு. ஆனா 2023 நவம்பர் தேர்தல்ல கீர்ட் வில்டர்ஸோட பிவிவிங்கற தீவிர வலதுசாரிக் கட்சி கணக்கே குடுக்கல, 37 சீட்டோட முதல் இடம் வந்துடுச்சு.

மீடியா பத்தி கேட்டதுக்கு தனியா எழுதணும், அது இன்னொரு நாளைக்கு. மாமா என்ன சொன்னார்னு எழுதுங்க.