மாநில அரசில் கிராண்ட் வேலைக்குப் போகலாமா?

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்தேன். திருச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், கணவரோடு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டு வந்து இறங்கி, வேலை அனுமதி கைக்கு வந்த கையோடு இல்லினாய் மாநிலத் துறை ஒன்றிலிருந்து கிராண்ட் அக்கவுன்டன்ட், அதாவது அரசு மானியத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு நேர்காணல் அழைப்பும் வந்துவிட்டது. "வாஷிங்டன் பணம் தருகிறது, மாநிலம் செலவு செய்கிறது, நடுவில் இத்தனை பேருக்கு என்ன வேலை அக்கா? எல்லோரும் ஐ.டி. பக்கம் போ என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறாய். நான் இதே ஊரில் பல வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். என் தங்கை வயதுதான் உனக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் தொகையைப் புரிந்துகொள். வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு டிரில்லியன் டாலருக்கு மேல் மானியமாகக் கொடுக்கிறது. மாநிலங்களின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. அதில் பாதிக்கு மேல் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டுக்கே போய்விடுகிறது. மீதியில்தான் சாலை, பள்ளி மதிய உணவு, குளிர்கால வீட்டு எரிபொருள் உதவி, தடுப்பூசி, குடிநீர் எல்லாம் வருகின்றன. உன் குழந்தை போகப் போகும் பள்ளியின் உணவுத் தட்டிலும் இந்தப் பணம் இருக்கிறது.

இந்தப் பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று சட்டத்தில் எழுதிய சூத்திரப்படி வருவது. மெடிக்கெய்டில் ஃபெடரல் பங்கு குறைந்தது 50 சதவீதம், அதிகபட்சம் 83. மாநில மக்களின் சராசரி வருமானம் குறையக் குறைய அந்தப் பங்கு கூடும். இல்லினாய்க்கு 50-ஐ ஒட்டித்தான் கிடைக்கிறது, மிசிசிப்பிக்கு 75-க்கு மேல். இதற்குப் போட்டி கிடையாது. எப்படி நடத்துவோம் என்று மாநிலம் ஒரு திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், திட்டத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கான டேனஃப் என்ற உதவித்தொகையும் இந்த வகைதான். ஆனால் 1996-ல் நாடு முழுமைக்கும் சேர்த்து சுமார் 1,650 கோடி டாலர் என்று முடிவு செய்தார்கள், இன்றும் அதே தொகைதான். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இன்னொன்று போட்டி கிராண்ட். அறிவிப்பு கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் வரும். எஸ்.எஃப். 424 என்ற படிவம், திட்ட விளக்கம், பட்ஜெட், அதற்கான நியாயம் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்கும் துறைக்கு, ஃபெடரல் பணம் வாங்குபவர்கள் பதிவு செய்யும் சாம்.கவ் தளத்தில் உயிரோடு இருக்கும் பதிவு வேண்டும். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரையும் விட்டுவிடாதே. திட்ட விளக்கத்தைச் சுகாதாரமோ கல்வியோ தெரிந்தவர்கள் எழுதுவார்கள், பட்ஜெட்டை உன்னைப் போன்றவர்கள் போடுவார்கள். விளக்கத்தில் ஆறு செவிலியர் என்று இருந்து பட்ஜெட்டில் நான்கு பேர் சம்பளம் மட்டும் இருந்தால், அந்த இடைவெளி மூன்று வருடம் துரத்தும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிப்பவள் ஒருத்தி துறையில் இருந்தே ஆக வேண்டும்.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்பதும் உன் வேலையில் சேரும். மாநிலம் தன் பங்காகப் போட வேண்டிய பணம் எங்கிருந்து வரும்? மூன்று ஆண்டு முடிந்து கிராண்ட் நின்றதும், அதை நம்பி வேலைக்கு எடுத்தவர்களையும் சிகிச்சைக்கு வந்து பழகியவர்களையும் என்ன செய்வது? இதற்குப் பதில் இல்லாமல் விண்ணப்பிப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

கிராண்ட் கிடைத்துவிட்டாலும் துறை உடனே செலவு செய்ய முடியாது. மாநிலச் சட்டமன்றம் அந்தத் தொகையைச் செலவழிக்க ஒதுக்கீடு தர வேண்டும். இங்கே 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையிலான மோதலில் முழு பட்ஜெட்டே இல்லை. வாஷிங்டனிலிருந்து வரவேண்டிய பணம் தயாராக இருந்தும், அதைச் செலவழிக்க 2015 ஆகஸ்டில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மாநிலப் பணத்தை நம்பியவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் லூதரன் சோஷியல் சர்வீசஸ் என்ற பெரிய சேவை அமைப்பு, மாநிலம் தர வேண்டிய பாக்கி வராததால், 30-க்கு மேற்பட்ட திட்டங்களை மூடி 750 பணியிடங்களை நீக்கியது. சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது என்பதை இந்த ஊர்க் கணக்கர்கள் ஏன் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

பணம் வரும் விதமும் உனக்குப் புதிதாக இருக்கும். பெரும்பாலும் மொத்தமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். செலவாகும் நேரத்தை ஒட்டி மாநிலம் ஃபெடரல் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் மாநிலம் வட்டி கட்ட வேண்டும், ஃபெடரல் அரசு தாமதித்தால் அது கட்ட வேண்டும். பெரிய திட்டங்களுக்கு 1990-ல் வந்த சட்டம் இது. ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும், இல்லினாயின் ஆண்டு ஜூலை 1-ல். ஒரே கிராண்ட் மாநிலத்தின் இரண்டு நிதியாண்டுகளில் கிடக்கும். கிராண்ட் காலம் முடிந்தால் கணக்கை மூட மாநிலத்துக்கு 120 நாள், மாநிலத்திடமிருந்து பணம் வாங்கிய அமைப்புக்கு 90 நாள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. மாநிலத் துறை பெரும்பாலும் தானே சேவை செய்வதில்லை. மாவட்டம் போன்ற கவுன்டிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. பணம் கைமாறினாலும் பதில் சொல்லும் கடமை மாநிலத்திடமே நிற்கிறது. 2 சி.எஃப்.ஆர். 200 என்ற ஃபெடரல் விதித்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: கொடுப்பதற்கு முன் அந்த அமைப்பிடம் பணம் தவறாகப் போகும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும், கொடுத்த பின் கண்காணிக்க வேண்டும், அவர்களுடைய தணிக்கையில் குறை வந்தால் திருத்தப்பட்டதா என்று பின்தொடர வேண்டும். இல்லினாய் 2014-ல் காட்டா என்ற மானியப் பொறுப்புக்கூறல் சட்டம் போட்டு, இதே ஒழுங்கை மாநிலத்தின் சொந்த மானியங்களுக்கும் கொண்டுவந்தது. நேர்காணலில் அந்தப் பெயரைக் கட்டாயம் கேட்பார்கள்.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே மினசோட்டாவைப் பார். கோவிட் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்க வந்த ஃபெடரல் பணம் மாநிலக் கல்வித் துறை வழியாக 'ஃபீடிங் அவர் ஃபியூச்சர்' என்ற அமைப்புக்கும், அதன் கீழ் இருந்த உணவு மையங்களுக்கும் போனது. கொடுக்காத சாப்பாட்டுக்கு, இல்லாத குழந்தைகளின் பெயரில், பில் வந்தது. 2022 செப்டம்பரில் முதல் குற்றச்சாட்டுகள் பதிவானபோது தொகை 25 கோடி டாலர் என்றார்கள். சட்டமன்றத் தணிக்கையாளர் 2024-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உறங்கவிடவில்லை: அந்த அமைப்பைப் பற்றி வந்த புகார்களை விசாரிக்கும்படி அந்த அமைப்பையே துறை கேட்டிருக்கிறது. துறையின் மேற்பார்வை போதவில்லை என்பது அறிக்கையின் முடிவு. துறை அதை ஏற்கவில்லை, எஃப்.பி.ஐ.யிடம் தகவல் சொன்னதே நாங்கள்தான் என்றது. இரண்டையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு மதியம் காரை எடுத்துக்கொண்டு அந்த மையங்களுக்குப் போய், வரிசையில் எத்தனை குழந்தைகள் நிற்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

மிசிசிப்பியில் நடந்தது வேறு விதம். அங்கே டேனஃப் பணம், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தவிக்கும் குடும்பங்களின் பணம், பல்கலைக்கழகத்தில் கைப்பந்து அரங்கம் கட்டுவது வரை போனது. 2020-ல் மாநிலத் தணிக்கையாளர் அம்பலப்படுத்தினார். மொத்தம் 7 கோடி டாலருக்கு மேல் தவறாகச் செலவானது. துறையின் முன்னாள் தலைவரே 2022-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே மோசடி மேலேயே இருந்தது.

ஆனால் நீ தினமும் பார்க்கப் போவது திருடர்களை அல்ல. தென் இல்லினாயில் ஒரு சிறு அமைப்புக்கு நான் போயிருக்கிறேன். வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நடத்தும் அம்மாவுக்கு ஒவ்வொரு முதியவரின் பெயரும், யாருக்கு உப்பு ஆகாது என்பதும் மனப்பாடம். ஆனால் ஊழியர் எந்த கிராண்டுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற பதிவு இல்லை. விதிப்படி அந்தச் சம்பளத்தை ஏற்க முடியாது, திருப்பிக் கட்டச் சொன்னால் அமைப்பு மூடிவிடும். உட்கார்ந்து நேரப்பதிவு எழுதச் சொல்லிக்கொடுத்தோம், மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்தோம். இன்று அவர்கள் கோப்பு பெரிய அமைப்புகளின் கோப்பைவிடச் சுத்தம். இந்தப் பக்கத்தை நீ என்னைவிட நன்றாக அறிவாய். பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு மேலிடத்துக் கடிதம் வரும்போது கீழே இருப்பவர் வயிறு எப்படிக் கலங்கும் என்று திருச்சியில் பார்த்தவள் நீ. நேர்காணலில் அதைத் தயங்காமல் சொல். "பணம் வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லக்கூடியவர்கள் மாநில அலுவலகங்களில் குறைவு.

ஐ.டி.யோடு ஒப்பிட்டால் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஓய்வூதியம் உண்டு, பெரும்பாலான பதவிகளுக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உன் சம்பளம் மாநிலப் பொதுநிதியிலிருந்து வருகிறதா, ஒரு குறிப்பிட்ட கிராண்டிலிருந்து வருகிறதா என்று நேர்காணலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடு. கிராண்டிலிருந்து என்றால் அது எப்போது முடிகிறது என்றும் கேள். 2025 ஜனவரி 27 அன்று வாஷிங்டன் மானியங்களை நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மறுநாள் மெடிக்கெய்டு பணம் எடுக்கும் இணையதளமே பல மாநிலங்களுக்குத் திறக்கவில்லை. இல்லினாய் உட்பட 22 மாநிலங்கள் நீதிமன்றம் போயின, 29-ஆம் தேதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இரண்டு நாளில் எங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "வெள்ளிக்கிழமை சம்பளம் போட முடியுமா?" என்று கேட்ட சிறு அமைப்புகளுடையவை.

நேர்காணலுக்கு ஒரே ஒரு தயாரிப்பு செய்வதானால் இதைச் செய். ஃபெடரல் பணத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழிக்கும் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் சிங்கிள் ஆடிட் என்ற ஒருங்கிணைந்த தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது 1984-ல் வந்து பிறகு திருத்தப்பட்ட சட்டம். அந்த அளவு 7,50,000 டாலராக இருந்தது. 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10 லட்சம் டாலர். மாநிலத்துக்கான அந்தத் தணிக்கை அறிக்கை இல்லினாய் ஆடிட்டர் ஜெனரல் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. உன்னைக் கூப்பிட்டிருக்கும் துறையின் பெயரைத் தேடு. என்ன குறை சொல்லியிருக்கிறார்கள், முந்தைய ஆண்டும் அதே குறை இருந்ததா, திருத்த என்ன செய்வதாகத் துறை எழுதிக் கொடுத்திருக்கிறது என்று குறித்துக்கொள். "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்று கடைசியில் கேட்பார்கள் அல்லவா, அப்போது அந்தக் குறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேள்.