மஞ்சள் பல், கறுப்புப் பல்: இரண்டு இனமா?

நண்பரே, நீங்கள் படம் போட்டு இரண்டு இனமா என்று கேட்ட பல் புதைபடிவங்களில் ஒன்று வெளிர்மஞ்சள், மற்றது கறுப்பு என்பதற்காக இரண்டு கோனோடான்ட் (பல் போன்ற நுண்புதைபடிவங்களை விட்டுச்சென்ற, அழிந்துபோன கடல் உயிரி) இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாறை பட்ட சூட்டைத்தான் நிறம் சொல்லும்: 80 டிகிரி செல்சியஸுக்குள் வெளிர்மஞ்சள், 300-ஐத் தாண்டும்போது கறுப்பு.

இனம் பிரிக்க, பி1 உறுப்பை (கோனோடான்ட் வாயிலிருந்த பல் வகைகளில் ஒன்று) பக்கவாட்டில் பாருங்கள். நீங்கள் சந்தேகப்படும் ஹிண்டியோடஸ் பார்வஸ் இனம் என்றால் முதன்மைக் கூர் (உறுப்பின் பெரிய முனை) அதே உறுப்பிலுள்ள மற்ற சிறு பற்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயர்ந்து நிற்கும். அதே பேரினத்தின் டிபிகாலிஸ் இனத்தில் கூர் அகலம், ஆனால் அவ்வளவு ஓங்காது. சீனாவின் மெய்ஷானில் டிரயாசிக் என்ற புவியியல் காலத்தின் தொடக்கத்தை 2001இல் குறித்ததே பார்வஸை வைத்துத்தான், அதனால் பார்வஸ் என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

படத்தில் கறுப்புத் துண்டின் கூர் நுனி உடைந்திருக்கிறதே! அதில் உயரம் பேச வழியில்லை. இளம்பருவப் பல்லை வளர்ந்ததோடு ஒப்பிடுவதும் வீண். ஒரே அளவில், முழுசாக இன்னும் சில தேடி எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.