கைரேகை விழாத பாட்டிக்குப் பென்ஷன் எப்படி?

கேள்வி: பாட்டி நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மஸ்டரிங்கில், அதாவது பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கைரேகை வைத்துப் பார்க்கும் சரிபார்ப்பில், கைரேகை விழவில்லை என்று முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மூணாறு

பதில்: கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? இறந்தவர்கள் பெயரில் பணம் போகக்கூடாது என்றுதான் கேரளத்தில் இந்த மஸ்டரிங் வந்தது, நோக்கம் சரிதான், ஆனால் மெஷினிடம் முதலில் மாட்டிக்கொள்வது உழைத்துத் தேய்ந்த கைகள். மஸ்டரிங் நடக்கும் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) கருவிழிப் பதிவுக்கு வசதி உண்டா என்று கேளுங்கள். அதுவும் ஆகவில்லையா, பஞ்சாயத்து அலுவலகத்தில் உயிர்ச்சான்று கொடுக்கலாம், அதற்கு விதியிலேயே இடமிருக்கிறது, யாரும் சலுகை செய்வதாக நினைக்க வேண்டாம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பாட்டி படுக்கையில் இருந்தால் அக்ஷயாவில் சொல்லிவைத்தால் வீட்டுக்கே வருவார்கள். அப்புறம், ஆதாரில் பெயரும் இனிஷியலும் பென்ஷன் பதிவோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், தமிழ்ப் பெயர்களை மலையாளத்தில் எழுதும்போது ஆளே மாறிவிடுகிறார். 2025 நவம்பரில் மாதப் பென்ஷன் 1600 ரூபாயிலிருந்து 2000 ஆகியிருக்கிறது, மாத மருந்துச் செலவே அதில்தான் ஓடும், தள்ளிப்போடாதீர்கள். படிவம் மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.