ஹாஃப் பிளேட் கமராவில் உடனடிப் படம்: போலராய்ட் ஹோல்டர் வாங்கலாமா?

கல்லடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பா மட்டக்களப்பில் ஸ்டூடியோ நடத்தியவர். அவருடைய ஹாஃப் பிளேட் மரக் கமராவும் பிளேட் ஹோல்டர்களும் வீட்டில் கிடக்கின்றன. லென்ஸில் ஷட்டர் இல்லை, மூடி மட்டும்தான். இணையத்தில் ஒரு போலராய்ட் 405 ஹோல்டர் விலைக்கு வருகிறது. கமராவின் பின்பக்கத்தை வெட்டி அதைப் பொருத்தலாமா?"

வாங்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். 405 உடனடிப் படப் பிலிமைப் பிடிக்கும் நல்ல ஹோல்டர்தான். அதற்குள் போடப் பிலிம் இல்லை. போலராய்ட் நிறுவனம் 2008இல் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஹோல்டரில் ஓடிய ஃபுஜி எஃப்பி-100சிக்கும் 2016இல் முடிவு அறிவிக்கப்பட்டது. இப்போது விற்பனைக்கு வருவது பெரும்பாலும் காலாவதியான பெட்டிகள். உள்ளே மருந்து காய்ந்திருந்தால் காசு போச்சு.

இன்றைக்குக் கிடைப்பது ஃபுஜியின் உடனடிப் படப் பிலிமான இன்ஸ்டாக்ஸ் வைட். தாள் 86×108 மி.மீ., அதில் படம் 62×99 மி.மீ. உங்கள் ஹாஃப் பிளேட் ஹோல்டர் 120×165 மி.மீ. அளவுள்ள கண்ணாடிப் பிளேட்டுக்குச் செய்தது. ஆகவே தாள் அதற்குள்ளேயே தாராளமாக அடங்கும். லோமோகிராஃப்லோக் என்று 4×5 அங்குலக் கமராக்களுக்கு ஒரு இன்ஸ்டாக்ஸ் பின்தட்டு விற்கிறார்கள். அதற்கு, பின்தட்டைப் பூட்டிப் பிடிக்கும் கிராஃப்லோக் அமைப்பு கமராவில் வேண்டும். பழைய மரக் கமராவில் அது இருக்காது. ஓடாவியிடம் சொல்லி இடைப்பலகை செய்விக்கலாம்தான். ஆனால் அந்தப் பின்தட்டில் பிலிம் உட்காரும் ஆழம் வேறு, ஃபோகஸ் கண்ணாடியையும் அதற்கேற்பப் பின்தள்ள வேண்டிவரும். பழைய ஹோல்டரிலேயே தாளை வைத்தால் அந்தத் தலையிடி இல்லை.

ஹாஃப் பிளேட் அளவில் மெல்லிய கறுப்பு மட்டை ஒன்றை வெட்டி, நடுவில் 62×99ஐ விடச் சற்றுப் பெரிய சன்னல் எடுங்கள். தாளின் கறுப்பு முதுகுதான் லென்ஸைப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாக்ஸ் வெளிச்சத்தைப் பின்பக்கத்தால்தான் வாங்கும். அதனால்தான் கண்ணாடி எதுவும் வைக்காமலே படம் இடம் வலம் மாறாமல் வருகிறது. தாளுக்குப் பின்னால் இன்னொரு மட்டையை வைத்து, பிளேட் உட்கார்ந்த இடத்தில் ஆடாமல் இறுக்குங்கள். ஓரத்தில் தடிப்பாகத் தட்டுப்படுவது மருந்துப் பை, அதை அழுத்திவிடாதீர்கள். முன்மட்டையின் தடிப்பால் பிலிம் அரை மில்லிமீட்டர் பின்னே போகலாம். லென்ஸ் துவாரத்தை f/16 எனச் சிறிதாக்கினால் அது கண்ணுக்குத் தெரியாது, f/5.6 எனப் பெரிதாகத் திறந்து முகம் எடுத்தால் தெரியலாம்.

இதையெல்லாம் முழு இருட்டில், அல்லது கை நுழைக்கும் கறுப்புப் பைக்குள் செய்ய வேண்டும். பெரியப்பா காலத்துச் சிவப்பு பல்ப் இதற்கு ஆகாது, இது கலர் பிலிம்.

படம் எடுத்த பிறகு, இருட்டிலேயே தாளைக் காலியான இன்ஸ்டாக்ஸ் வைட் பெட்டிக்குள், எடுத்த அதே பக்கமாகச் செருகி, அந்தப் பெட்டியை ஒரு இன்ஸ்டாக்ஸ் வைட் கமராவில் போடுங்கள். கதவை மூடியதும் கமரா புதுப் பெட்டி என்று நினைத்து, ஷட்டர் பொத்தானை அமத்தும்போது முதல் தாளைப் பெட்டியின் மேல்மூடியாக எண்ணி வெளியே தள்ளும். லென்ஸையும் ஃப்ளாஷையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டே பொத்தானை அமத்துங்கள். உருளைகளுக்கிடையில் மருந்து பரவினால்தான் படம். அந்தக் கமரா பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, உருளை சுத்தமாக இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். உங்களுக்கு உண்மையில் இடிக்கப்போவது இதுதான். இன்ஸ்டாக்ஸ் வெளிச்சத்தை வாங்கும் வேகம் ஐஎஸ்ஓ 800. வாவிக்கரை வெயிலில் f/16 என்றால் நொடியில் 800இல் ஒரு பங்கு போதும். மூடியைக் கழற்றி மாட்டவே ஒரு நொடி ஆகும். வெயிலில் எடுப்பதானால் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 1000 ஃபில்டர் போட்டு, f/22இல் இரண்டரை நொடி கொடுங்கள். கோட்டைச் சுவர் நிழல் போன்ற இடத்தில் என்டி 64 போதும், அதே f/22இல் ஒன்றேகால் நொடி. நான் நிழலைத்தான் சொல்வேன். இந்தப் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்காது, வெள்ளைச் சட்டை உடனே வெளிறிவிடும்.

வேகமான பிலிம் என்பதால், பழைய பிளேட் பொறுத்துக்கொண்ட சின்ன ஓட்டையும் இதில் கோடாக விழும். இருட்டறையில் பெல்லோஸ் என்ற கமராவின் மடிப்புத் துருத்திக்குள் டோர்ச் அடித்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஹோல்டர் மூடி நுழையும் வாயில் வெல்வெட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

பிலிமை ஃபிரிட்ஜில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். நம் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த பெட்டியில் உடனே வியர்த்துவிடும்.