ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள்

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் இருக்கும் கொல்மாரில் வேலை கிடைத்து செப்டம்பரில் வந்து இறங்கப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீடு எப்படிப் பிடிப்பது, மளிகைச் சாமான் எங்கே கிடைக்கும், குளிருக்கு என்னென்ன வாங்குவது. கடைசியில் இன்னொன்று: "பாண்டியில் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். அங்கே திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஓட்டலாம் என்கிறார்களே, நம் ஊரிலிருந்து வருபவன் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?"

வீட்டுக்கும் மளிகைக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பங்குக்கு ஒன்றே ஒன்று. சாவி வாங்கும் அன்றே சுவரில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாளைப் பத்திரப்படுத்துங்கள். என் முதல் வீட்டுக்காரர் நான் வருவதற்கு முன்பே இருந்த கறைக்காக முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. குளிருக்கு வேண்டியதை இங்கே வந்து வாங்குங்கள். சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

முதலில் பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன் சக்கரத்தைப் பிடிக்கும், இடது கை பின் சக்கரத்தை. பிரான்ஸில் இது தலைகீழ். இடது கைதான் முன் பிரேக். சமவெளியில் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மலை இறக்கத்தில், வளைவுக்கு முன்னால், கை பழைய பழக்கத்தில் இடதுபக்கப் பிடியை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. கடையில் கேட்டால் கம்பியை மாற்றிப் போட்டுத் தருவார்கள். வேண்டாம் என்பேன். நாளைக்கு நண்பருடைய சைக்கிளையோ வாடகைச் சைக்கிளையோ எடுத்தால் திரும்பவும் அதே ஆபத்துதான். கொல்மாரைச் சுற்றிலும் சமவெளி. கை மறக்கும்வரை அங்கே ஓட்டிவிட்டு அப்புறம் மேட்டுக்குப் போங்கள்.

பாண்டியில் ஓட்டிய நமக்கு மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் தெரியாது. அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பயப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் உள்ள கியர் இருந்தால் இந்தப் பக்கத்து மேடு எதையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். இறக்கத்தில்தான் உயிருக்கு ஆபத்து. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள், நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

நீங்கள் வரப் போகும் செப்டம்பர் மாதம் அறுவடைக் காலம். டிராக்டர்கள் தோட்டத்துச் சேற்றை அப்படியே தார்ச் சாலைக்குக் கொண்டுவரும். வண்டியிலிருந்து சிந்திய திராட்சை நசுங்கி, சாறு காய்ந்து பிசுபிசுவென்று கிடக்கும், அதன்மேல் குளவிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். மழைத் தூறல் விழுந்தால் அந்த இடம் எண்ணெய் கொட்டிய தரைதான். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்து போங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள், குளவி உள்ளே போன கதைகள் உண்டு. கொடியில் தொங்கும் பழத்தில் கை வைக்காதீர்கள். நம்மவர்கள் சிலர் காரை நிறுத்திவிட்டுப் பை நிறையப் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய வருட உழைப்பு அது. நம் ஊர் வயலில் வெளியாள் வந்து கதிர் அறுத்தால் சும்மா விடுவோமா?

சாலை விதி இரண்டு. ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. குறுகிய சந்திலிருந்து வந்தாலும் அவர் நிற்க மாட்டார், நீங்கள்தான் நிற்க வேண்டும். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம். அப்புறம், ஒயின் ருசி பார்க்கச் சொல்லி வாசலில் நின்று கூப்பிடுவார்கள். கார் ஓட்டுகிறவருக்கு உள்ள மது அளவு சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். பிடித்தால் பாட்டிலாக வாங்கி வீட்டில் குடியுங்கள்.

பழைய ஊர்களுக்குள் தரை கருங்கல் பாவியது. ரிக்வீரில் 1291இல் கட்டிய டோல்டர் கோபுரத்துக்குக் கீழே போகும் தெருவில் கல்லுக்குக் கல் இடைவெளியில் மெல்லிய டயர் மாட்டிக்கொள்ளும். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வாங்காதீர்கள். பகலில் எப்படியும் சுற்றுலாக் கூட்டம், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. எகிஷெய்ம் இன்னும் பக்கம். அங்கே தெருக்கள் வளையம் வளையமாகப் போகும், எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். முதல் ஞாயிறு அங்கே போங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், அல்சாஸில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் தேதியும் இங்கே விடுமுறை, பாரீஸில் கிடையாது. இந்தப் பகுதிக்கென்று இன்னமும் தனிச் சட்டம் இருக்கிறது.

நான் வந்தது நவம்பரில். சமவெளி முழுக்க மூடுபனி, நாலரை மணிக்கே இருட்டு, வாரக் கடைசியில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் மூலூஸ் அருகே பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். என் பிரெஞ்சு அவருக்குப் புரியாது, அவர் பேசும் அல்சாஸ் மொழி எனக்குப் புரியாது. ஒரு காலையில் கதவைத் தட்டி, கொட்டகையிலிருந்து பழைய இரும்புச் சைக்கிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எகிஷெய்முக்கு மேலே ஹுஸ்ஸெரன் வரை ஏறினோம். பாதி வழியிலேயே பனி கீழே போய்விட்டது. மேலே வெயில், எதிரே ரைன் நதிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் கறுங்காட்டு மலைகள். இறங்குவதற்கு முன் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து என் சட்டைக்குள் நெஞ்சில் விரித்துச் செருகி, மேலே ஜிப்பை இழுத்துவிட்டார். ஏறும்போது வேர்த்த உடம்பு இறங்கும்போது காற்றில் உறைந்துபோகும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது காற்றைத் தடுக்கும் விலையுயர்ந்த சட்டை இருக்கிறது, இருந்தாலும் பையில் ஒரு செய்தித்தாள் வைத்திருக்கிறேன்.

அவர்தான் சிகோல்ஷெய்ம் மேட்டுக்கும் கூட்டிப்போனார். தோட்டங்களுக்கு மேலே போர்வீரர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் இந்த மண்ணுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களும் அதில் உண்டு. கீழே தெரியும் பென்வீர் அந்தச் சண்டையில் தரைமட்டமாகித் திரும்பக் கட்டிய ஊர். பழைய வீடுகள் இல்லையே என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள், நின்று பாருங்கள்.

நம்மவர்கள் பலருக்குச் சைக்கிள் என்றால் இளக்காரம். "கார் வாங்க வசதி வரவில்லையா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் பாரீஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா ஷாப்பெலுக்குக் காரில் போய்க் காய்கறி வாங்கி வருவதோடு அவர்கள் பிரான்ஸ் முடிந்துவிடுகிறது. இத்தனை வருடம் இருந்தும் மலை அடிவாரத்தில் இருக்கும் துர்க்கெய்மைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் முதலில் இறுக்கமாகத்தான் இருப்பார்கள். சைக்கிளில் எதிரே வருகிறவருக்கு 'போன்ழூர்' சொல்லுங்கள். நான்கு ஞாயிறு ஒரே பாதையில் போனால் அவர்களே நிறுத்திப் பேசுவார்கள். என் பிரெஞ்சு வகுப்பில் வளர்ந்ததைவிட இந்தச் சாலைகளில் வளர்ந்ததுதான் அதிகம்.

மன்ஸ்டரிலிருந்து ஷ்லுக்ட் கணவாய்க்கு ஏறும் ஆசை உங்களுக்கும் வரும். 1,139 மீட்டர். அது அடுத்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு. இந்தச் செப்டம்பரில் வேண்டாம். மேலே போனால் வானிலை வேறு: மேற்கிலிருந்து வரும் மழையை வோஸ் மலை தடுத்துவிடுவதால்தான் கொல்மார் காய்ந்து கிடக்கிறது, திராட்சையும் விளைகிறது. தடுத்த மழையெல்லாம் அந்த மேட்டில்தான் கொட்டும்.

சைக்கிளைப் பாண்டியிலிருந்து கொண்டுவராதீர்கள். விமானச் செலவில் இங்கே நல்ல பழைய சைக்கிள் வாங்கிவிடலாம். உங்கள் உயரத்தையும் காலின் உட்பக்க நீளத்தையும் எழுதுங்கள், எந்த அளவு சைக்கிள் ஃபிரேம் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.